தாத்தா பாட்டி இல்லாத ஊர்

வணக்கம் மக்களே. பின்னால் மணிக்கூண்டு தெரிகிறதா? ஸ்டீவனேஜ் நகர மையம் இது. லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் அரை மணி நேரம். 1959-இல் திறந்தபோதே கார்களை உள்ளே விடாமல், நடப்பவர்களுக்காகவே கட்டிய இடம். தினமும் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் நின்று பார்ப்பது இன்றுதான். காரணம், பக்கத்து வீட்டுப் பாட்டி.

பாட்டி 1952-இல் இங்கே வந்தபோது ஐந்து வயது. அதற்கு முன் லண்டன் டாட்டன்ஹாமில் இரண்டே அறை. கழிப்பறை கொல்லையில், மூன்று குடும்பத்துக்கும் பொது. புது வீட்டில் குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொட்டியதாம். அம்மா அதை மூடவே விடவில்லை, கையை நனைத்துக்கொண்டே நின்றார் என்கிறார். வெளியே ஒரே சேறு. ரோடு போடும் முன்பே ஆட்களைக் குடியேற்றிவிட்டார்கள். பஸ் நிறுத்தம் வரை ரப்பர் பூட்ஸ், நல்ல செருப்பு பையில். அடுத்த பிப்ரவரியில் மிட்டாய்க்கு ரேஷன் நீங்கியது. அந்த வரிசையில் நின்றதை இன்றைக்கும் கண் விரியச் சொல்கிறார்.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து லண்டனில் வீட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. அதனால் 1946-இல் புதுநகரச் சட்டம் வந்தது; முதலில் தேர்வானது இந்த ஊர். சுமார் 6,000 பேர் இருந்த இடத்தை 60,000 பேருக்கான நகரமாக்கத் திட்டம். பழைய ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். அமைச்சர் லூயிஸ் சில்கின் பேச வந்தபோது அவர் கார் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயரை மறைத்து, ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் மாதிரி, 'சில்கின்கிராட்' என்று கிண்டலாகப் பலகை மாட்டினார்கள். வீடும் வயலும் போகிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் பாட்டி சொன்னதில் என்னை உலுக்கியது வேறு. தெரு முழுக்க இளம் அப்பா அம்மா, தள்ளுவண்டியில் குழந்தை. வயதானவர் ஒருவர்கூட இல்லை. இங்கே வேலை இருந்தால்தான் வீடு; தாத்தா பாட்டிகளுக்கு வேலை ஏது? அவர்கள் லண்டனிலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்க ஆள் இல்லாமல் அம்மா தவித்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பாட்டி லண்டனிலிருந்து வந்தாராம். வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்தார். "எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் சத்தமே இல்லையே" என்று சொல்லிவிட்டு, மாலை ரயிலிலேயே கிளம்பிவிட்டார். ரயில் மறைந்த பிறகும் அம்மா பிளாட்பாரத்தை விட்டு நகரவில்லை. அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு இவரும் நின்றிருக்கிறார்.

அந்தப் பலகை மாட்டிய அதே ஸ்டேஷன்தான். 1973-இல் ஸ்டேஷனை இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பழைய இடம் வடக்கே, நடந்தே போகலாம். பாட்டி வழி சொல்லியிருக்கிறார். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.