காக்கையையும் எழுதுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பறவை பார்ப்பது என்றதும் பலருக்கு அடர்ந்த காடும், ஜீப்பும், முழங்கை நீள லென்ஸ் வைத்த கேமராவும்தான் நினைவுக்கு வருகின்றன. அதெல்லாம் பிறகு. உலகத்தில் ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில, நீங்கள் நகரத்தின் நட்டநடுவில் குடியிருந்தாலும், தினமும் உங்கள் ஜன்னலைக் கடந்துதான் போகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காக்கையையே எடுத்துக்கொள்வோம்.

காக்கையை யாரும் பார்ப்பதில்லை. அது இருக்கிறது என்று மட்டும் நமக்குத் தெரியும். அரை மணி நேரம் அதையே கவனியுங்கள். கிடைத்ததை எல்லாம் அங்கேயே தின்றுவிடாது. கொஞ்சத்தைக் கொண்டுபோய் எங்காவது செருகி வைக்கும். இந்தப் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு. காக்கைக்கு உறவான ஜே என்ற பறவையை வைத்து நடத்திய ஒரு சோதனை 2001-இல் வெளியானது. தான் உணவை ஒளிப்பதை இன்னொரு பறவை பார்த்துவிட்டது என்றால், ஜே பிறகு தனியாக வந்து அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறது. ஆனால் எல்லா ஜேயும் அப்படிச் செய்வதில்லை. முன்பு அடுத்தவர் சேமிப்பைத் திருடிய அனுபவம் உள்ளவைதான் செய்தன! இதைத் தெரிந்துகொண்ட பிறகு வாயில் எதையோ கவ்விக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கும் காக்கையை உங்களால் சும்மா கடந்து போக முடியாது. பறவை பார்ப்பதன் சுகம் முக்கால்வாசி இதுதான்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களைத் திணறடிப்பது சின்னச் சின்னப் பழுப்புக் குருவிகள். இலைக்குள் இருக்கும், நிற்காது, நின்றாலும் பக்கத்து இனத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கதிர்க்குருவிகளில் சிலவற்றை அனுபவசாலிகளே குரலை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். முன்பெல்லாம் அந்தக் காது வாய்க்கப் பல வருடம் ஒரு குருவோடு நடக்க வேண்டும். இப்போது போனில் ஒரு செயலி அந்த வேலையில் பாதியைச் செய்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் மெர்லின் என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021-இல் அதில் சேர்ந்தது. பேர்ட்நெட் என்று இன்னொன்றும் உண்டு.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பது சுவையான விஷயம். செயலி முதலில் ஒலியைப் படமாக மாற்றுகிறது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. ஏறி இறங்கும் கூவல் ஒரு வளைவாக விழும், கிடுகிடுவென்ற குரல் சீப்புப் பல் மாதிரி வரிசையாக விழும். பெயர் குறித்த ஏராளமான ஒலிப்பதிவுகளை இப்படிப் படமாக்கிக் கொடுத்து, எந்த வடிவம் எந்தப் பறவை என்று கணினிக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி உங்களையும் என்னையும் போன்ற ஆர்வலர்கள் கொடுத்தவை. போன் திரையில் அந்தப் படம் ஓடுவதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே கேட்டால் நம் காதும் சேர்ந்து பழகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பயன் வேறு. வயதாக ஆக உச்ச சுருதி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகின்றன. ஐரோப்பாவில் கோல்ட்கிரெஸ்ட் என்று ஆறு கிராம் எடைகூடத் தேறாத ஒரு குருவி இருக்கிறது. அதன் கீச்சுக்குரல் அவ்வளவு உயரத்தில் இருப்பதால், பல காலம் பறவை பார்த்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அது கேட்காமலே போகிறது. தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருக்கும், அவர்களுக்கு மரம் காலியாகத் தெரியும். இப்போது செயலி பெயரைக் காட்டுகிறது, அவர்கள் நிமிர்ந்து தேடுகிறார்கள். கேட்காத பறவையைக் கண்ணாலாவது பிடித்துவிடலாம்.

ஆனால் செயலி சொல்வது சாட்சியம்தான், தீர்ப்பு அல்ல. கரிச்சானைப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கரிச்சான் மற்ற பறவைகளின் அபாயக் குரலை அப்படியே போலியாக எழுப்பும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் வந்து எடுத்துத் தின்னும். குரலுக்குச் சொந்தக்காரப் பறவையையே ஏமாற்றுகிற போலி, பாவம், ஒரு போனை ஏமாற்றாதா? ஆகவே நான் எல்லாருக்கும் சொல்லும் முறை ஒன்றுதான்: முதலில் நீங்கள் ஒரு பெயரைச் சொல்லுங்கள், தப்பானாலும் பரவாயில்லை. அலகு, வால், எந்தக் கிளையில் இருந்தது, என்ன செய்தது என்று பாருங்கள். அப்புறம் போனை எடுங்கள். பறவையைக் கண்ணால் பார்க்காமல் செயலி சொன்ன பெயரை மட்டும் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

பட்டியல் என்றேன். என்னைக் கேட்டால் தொழில்நுட்பம் பறவையாளனுக்குச் செய்த பெரிய உதவி அடையாளம் காட்டுவதல்ல, இந்தப் பட்டியல்தான். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்தவற்றைப் பட்டியலாக எழுதி வைக்கும் இபேர்ட் என்ற இணையதளம் 2002-இல் தொடங்கியது. 2021-க்குள் அதில் சேர்ந்த பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. அங்கே பட்டியலை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால்தான் உங்கள் பட்டியலுக்கு முழு மதிப்பு. ஏனென்றால் அப்போது நீங்கள் எழுதாததும் ஒரு தகவல் ஆகிறது. கால் மணி நேரம் நின்றும் சிட்டுக்குருவி இல்லை என்றால், அந்த ‘இல்லை’ ஓர் ஆய்வாளருக்குத் தேவை. அபூர்வப் பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காக்கை, மைனா, புறாவை விட்டுவிடுகிறவர் பட்டியலில் இந்தத் தகவல் கிடைக்காது.

இது வெறும் கணக்குப்பிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் பயணிப்புறா வானத்தை மறைத்துக்கொண்டு பறந்தது, கோடிக்கணக்கில். 1914-இல் கடைசிப் பறவை ஒரு மிருகக்காட்சிசாலையில் செத்தது. அதே கண்டத்தில் 1970-க்குப் பிறகு ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் கணக்கிட்டார்கள். அந்த இழப்பில் பெரும்பங்கு சாதாரணப் பறவைகளுக்கு. இந்தக் கணக்கைப் போட முடிந்ததற்குக் காரணம், ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாக ஆண்டு தவறாமல் எண்ணி வைத்திருந்தார்கள் என்பதுதான். அதோடு வானிலை ராடாரும் துணைக்கு வந்தது. இரவில் வலசை போகும் கூட்டங்கள் மழைமேகம் போலவே ராடாரில் விழும்.

அப்படி ஆண்டுதோறும் எண்ணும் திட்டம் ஒன்றை 1966-இல் தொடங்கியவர் சாண்ட்லர் ராபின்ஸ். அதற்குப் பத்து வருடம் முன்னால் பசிபிக் கடலில் உள்ள மிட்வே தீவில், ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்றின் காலில் அவர் அடையாள வளையம் மாட்டினார். 2002-இல் அதே பறவையை அவரே மறுபடி பிடித்தார்! விஸ்டம் என்று பெயர் பெற்ற அந்தப் பறவை 2024 கடைசியில்கூட முட்டையிட்டது, வயது குறைந்தது 74. ஓர் உலோக வளையமும் ஒரு குறிப்பேடும் தந்த தகவல் இது. இன்று செயற்கைக்கோளோடு பேசும் சிறு கருவியைப் பறவையில் பொருத்துகிறார்கள். 2022-இல் பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான், அலாஸ்காவிலிருந்து கிளம்பி டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் பறந்தது. 11 நாள், இடையில் எங்கும் இறங்கவில்லை. சேற்றில் அலகை விட்டுத் துழாவும் ஒரு மூக்கனை இதற்குப் பிறகு பார்த்தால், அதன் சிறகை ஒருமுறை கூர்ந்து பார்க்கத் தோன்றும்.

ஒரு கண்டிப்பும் சொல்ல வேண்டும். போனில் பறவைக் குரலை ஓடவிட்டு, பறவையை வெளியே வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று அது இரை தேடுவதையும் கூட்டையும் விட்டு ஓடிவருகிறது. கூட்டின் இருப்பிடத்தைப் படத்தோடு பகிர்வதும், ட்ரோனைக் கூட்டருகே பறக்கவிடுவதும் அதைவிட மோசம். சிக்கலில் உள்ள இனங்களின் துல்லியமான இடத்தை இபேர்டே மறைத்துத்தான் காட்டுகிறது.

கேள்வி நேரத்தில் முதலில் பைனாகுலரைப் பற்றித்தான் கேட்பீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். பறவையின் பெயரைத் தானே சொல்லும் பைனாகுலர்கூட 2024-இல் வந்துவிட்டது. ஆரம்பிப்பவருக்கு அது வேண்டாம். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர், மங்கலான வெளிச்சத்திலும் தெளிவாக இருக்கும். பன்னிரண்டு மடங்குக்கு ஆசைப்பட்டால் கைநடுக்கமும் பன்னிரண்டு மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும், தேடிப் பிடிப்பதற்குள் பறவை கிளம்பிவிடும். பறவையைக் கண்டதும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்குத் தூக்குங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

இப்போது மற்ற கேள்விகளைக் கேளுங்கள்.