என்ன தொழில், அண்ணாச்சி?

(மும்பை தாராவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழர்கள் கூட்டத்தில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. வெளியே 90 அடி ரோட்டு ஹாரன் சத்தத்துக்கு இது தேவலை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஓர் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கம், நாற்பது வயது இருக்கும். இரண்டு வருடமாக வயிற்றைப் பிசைகிற வலி. நாலு நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போகும். கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள், அல்சர் என்று கொடுத்தார்கள். அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் குடல்வால் என்று சொல்லி அறுத்தே எடுத்துவிட்டார்கள். குடல்வால் போனது, வலி போகவில்லை. என்னிடம் அனுப்பியபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்கிற கழிவு இரத்தத்தில் ஏறியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருநீலக் கோடு. "என்ன தொழில், அண்ணாச்சி?" என்றேன். பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறையாம். வலிக்கும் அந்தக் கோட்டுக்கும் உடம்பில் ஏறிய ஈயம்தான் காரணம். இரண்டு வருடத்தில் ஒருத்தரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி 1700-லேயே எழுதிவிட்டார், நோயாளியிடம் தொழில் என்னவென்றும் கேளுங்கள் என்று. நாங்களும் படித்தோம். பரீட்சையோடு மறந்துவிட்டோம்.

பட்டறைத் தூசி கையில் ஒட்டியிருக்கும். அந்தக் கையாலேயே வடாபாவ் சாப்பிடுவார்கள். குடலுக்கு ஈயம் வேறு, கால்சியம் வேறு, இரும்பு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெரியவர்கள் விழுங்கியதில் பத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் ஏறும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வரைக்கும் ஏறும். வெறும் வயிறோ இரத்தசோகையோ இருந்தால் இன்னும் கூடும். அப்பா சட்டையை உதறினால் அந்தத் தூசி தவழ்கிற குழந்தையின் கைக்குப் போகிறது.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதை நுண்குழாய்கள் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ஈயம் அந்தக் குழாய்களைத்தான் கெடுக்கும். மிச்சம் எலும்பில் போய் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வயிறாவது வலிக்கிறது என்று கத்தும். சிறுநீரகம் மூச்சு விடாது. பாதி வேலை நின்ற பிறகும் கிரியாட்டினின் நார்மல் என்றே ரிப்போர்ட் வரலாம். அண்ணாச்சி பட்டறையை விட்டார், வலி நின்றது. போன சிறுநீரகம் திரும்பவில்லை.

"நாங்கள் பட்டறைக்குப் போகவில்லையே" என்று முன்வரிசை அக்காக்கள் நினைப்பது தெரிகிறது. உங்கள் அடுக்களைக்கே வருகிறேன். ஊரிலிருந்து வந்த ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம்? நம் பேச்சில் வெள்ளீயமும் (டின்) ஈயம், காரீயமும் (லெட்) ஈயம். இதுவரை நான் சொன்ன நஞ்சு காரீயம். சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். அதில் ரசம் வைத்தால் கெடுதல் இல்லை, மணமும் தனி. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று பாட்டி திட்டுவாள். ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படம் செய்கிறவனுக்கு இது போதும். அதற்கு மேல் புளியும் தக்காளியும் கொதித்தால் புளிப்பு அந்தக் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். கண்ட பழைய உலோகத்தையும் உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரங்களிலும் ஈயம் கசிவதை வேறு நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இட்லி வியாபாரம் செய்கிறவர்கள் கொப்பரை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் இன்னொன்று. செகண்ட் ஹேண்டில் வாங்கினீர்கள் என்றால், அதில் முன்னால் என்ன இருந்தது என்று விற்றவனுக்கே தெரியாது. எத்தனை தரம் கழுவினாலும் குடிதண்ணீருக்கு வேண்டாம்.

சிவப்பழகு கிரீமும் அப்படித்தான். கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2023-ல் சிறுநீரில் புரதம் ஒழுகுகிற நோயாளிகள் தொடர்ந்து வந்தபோது, அவர்கள் பூசிய கிரீம்களில் பாதரசம் இருந்தது தெரிந்தது. முகத்தில் பூசியதற்குச் சிறுநீரகம் பணம் கட்டுகிறது! லேபிள் சரியாக இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பட்டறைக்காரர்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடுங்கள், வேலைச் சட்டையை அங்கேயே மாற்றுங்கள். இரத்தத்தில் ஈய அளவும் சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் தொழிலைக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அழைப்பிதழில் போட்டிருந்தபடி சிலர் சொம்பு கொண்டுவந்திருக்கிறீர்கள். வெள்ளைக் காகிதத்தில் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்ப்போம். காரீயம் நிறைய இருந்தால் பென்சில் கோடு மாதிரி விழும். கோடு விழாவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை, பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். அந்த மஞ்சள் புடவை அக்கா, வயர் பையில் இருக்கிறதே, எடுத்து வாருங்கள். தம்பி, அந்த நோட்டீஸின் பின்பக்கம் காலிதானே? இங்கே கொடு.