பத்மினி டிக்கியில ஸ்டெப்னி வேணுமா?

வணக்கம் மக்களே. இங்க நிக்கிறது பிரீமியர் பத்மினி, பழைய கார். டிக்கியத் திறந்தே வெச்சிருக்கேன், ஏன்னா இன்னிக்குப் பேச்சு முழுக்க உள்ள இருக்கிற அஞ்சாவது வீல் பத்திதான். "மாசம் ரெண்டு தடவ எடுக்கிற வண்டிக்கு ஸ்டெப்னி எதுக்கு? புது கார்லயே இப்ப தர்றதில்லையே?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க.

வேணுங்க. கண்டிப்பா வேணும்.

புது கார் கணக்கு வேற. 2020-ல மத்திய அரசு மோட்டார் வாகன விதியத் திருத்தினப்போ, டியூப்லெஸ் டயர், பஞ்சர் ரிப்பேர் கிட், காத்து கொறஞ்சா சொல்ற சென்சார் எல்லாம் இருந்தா ஸ்டெப்னி கட்டாயம் இல்லன்னு சொன்னாங்க. பத்மினிலயோ அம்பாசடர்லயோ கம்பெனி ரிம்ல ஓடுற வண்டிக்கு இதுல ஒண்ணுகூட கிடையாது.

டியூப்லெஸ்ல ஆணி ஏறினா அந்த ஆணியே ஓட்டைய அடைச்சுக்கிட்டு நிக்கும். காத்து மெதுவா எறங்கும், கடை வரைக்கும் போயிடலாம். டியூப் டயர்ல கசியிற காத்து டயருக்கும் டியூபுக்கும் நடுவுல பூந்து, வால்வு துவாரம் வழியா வெளிய வந்துடும். கொஞ்ச நேரத்துல ரிம் ரோட்ட தொடும். அதுக்கு மேலயும் உருட்டினீங்கன்னா டயர் ரிம் மேல வழுக்கி, டியூபையும் சேத்து இழுக்கும். வால்வு மட்டும் துவாரத்துல மாட்டிக்கிட்டு நிக்கும். கழுத்தோட பிய்ஞ்சுடும். இதோ கையில வெச்சிருக்கேன் பாருங்க, வால்வ சுத்தி பாதி வட்டத்துக்குக் கிழிஞ்சிருக்கு. இதுக்குப் பேட்ச் போட முடியாது. டப்பால வர்ற சீலன்ட் அடிச்சாலும் இந்தக் கிழிசலுக்கு நிக்காது.

நாம ஸ்டெப்னின்னு சொல்றதே ஒரு தெருப் பேருங்க. 1904-ல பிரிட்டன்ல, வேல்ஸ் பக்கம் லனெல்லி ஊர்ல, ஸ்டெப்னி தெருவுல இருந்த டேவிஸ் சகோதரர்கள் செஞ்ச பொருள் அது. அப்பல்லாம் காருக்கு உபரி வீலே கிடையாது. ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்ல காத்தடிச்ச டயர மாட்டி, பஞ்சர் ஆன வீல் பக்கத்துல கிளாம்ப் போட்டு இறுக்கி ஓட்டுவாங்க. இங்கிலீஷ்காரங்க அந்தப் பேர மறந்துட்டாங்க, நம்ம மெக்கானிக் பட்டறைல இன்னும் உயிரோட இருக்கு.

சரி, உங்க டிக்கில இருக்கிறத வெளிய எடுங்க. சைடு வால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல, இங்கிலீஷ்ல DOT-னு தொடங்குற வரியோட கடைசி நம்பரப் பாருங்க. நாலு இலக்கம்னா முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2318-ன்னா 2018-ஓட 23-வது வாரம். மூணு இலக்கம்தான் இருக்குன்னா அது 2000-க்கு முன்னாடி செஞ்ச டயர். பட்டன், அதாவது ரோட்ல படுற கட்டைகள், தேயாம புதுசு மாதிரியே இருக்கும். அதுல மயங்காதீங்க. சைடு வால கட்டை விரலால அழுத்தி வளைச்சுப் பாத்தா முடி முடியா வெடிப்பு தெரியும். ஓடாம கெடந்தாலும் ரப்பர் காஞ்சுதான் போகும். ஆறு வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் சோதிங்க, பத்து தாண்டினா மாத்திடுங்க. டயர் மாத்துறப்ப டியூபும் புதுசு போடுங்க. ரேடியல் (உள்ள இருக்கிற நூல் நேர் குறுக்கா ஓடுற டயர்) போட்டா ரேடியல் டியூபே வேணும். உள்பக்கம் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா உரிச்சிடுங்க, அதோட ஓரம் உரசி உரசியே டியூப்ல ஓட்டை விழும். ரிம் உள்ள துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு பெயின்ட் அடிச்சு, டால்கம் பவுடர் தூவி ஏத்துங்க.

அளவு விஷயம்தான் நிறைய பேர் கோட்டை விடுறது. பத்மினிக்கு வந்தது 5.20-14 கிராஸ் ப்ளை, அதாவது நூல் சாய்வா ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ஓடுற பழைய ரக டயர். இப்ப பல பேர் 165/80 ஆர் 14 ரேடியல் போட்டுக்கிட்டு, ஸ்டெப்னில பழைய 155/80 வெச்சிருக்காங்க. குறுக்களவுல 16 மில்லிமீட்டர் வித்தியாசம். சின்ன வீல் ஒரு கிலோமீட்டருக்கு 14 சுத்து கூடுதலா சுத்தும். பின்னாடி போட்டா, ரெண்டு பின் வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரென்ஷியல் கியர் நேர் ரோட்லயும் ஓயாம வேலை செய்யணும். அதனால பின் வீல் பஞ்சர் ஆனா, முன் வீல் ஒண்ணக் கழட்டிப் பின்னாடி போட்டுட்டு, ஸ்டெப்னிய முன்னாடி மாட்டுங்க. ரெட்டை வேலைதான், ஆனா டிஃபரென்ஷியல் பிழைக்கும். கிராஸ் ப்ளையும் ரேடியலும் ஒரே ஆக்சில்ல சேரவே கூடாது, பிரேக் புடிக்கிறப்ப வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வேற வழியே இல்லாம மாட்டிட்டீங்கன்னா பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் நாப்பதுலயே போங்க.

இப்ப போல்ட். பத்மினில வீல் மாட்ட நீட்டிக்கிட்டு நிக்கிற ஸ்டட்டும் அதுக்கு நட்டும் கிடையாது, நாலு போல்ட். வீலத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே துவாரத்த நேர் பண்றது ரொம்பக் கஷ்டம். பழைய போல்ட் ஒண்ணோட தலைய அறுத்துட்டு, முனைல ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு வெட்டுப் போட்டு வெச்சுக்கங்க. அத மேல் துவாரத்துல முறுக்கி, வீல அதுல தொங்கவிட்டு மத்த மூணையும் மாட்டலாம். அலாய் வீல் போட்ட வண்டின்னா ஸ்டெப்னி இரும்பு ரிம்முக்குன்னு தனியா நாலு போல்ட் வேணும். அலாய் போல்ட் நீளம் அதிகமா இருந்தா மெல்லிசான இரும்பு ரிம்ல உள்ள வரைக்கும் போய் பிரேக் பாகத்துல இடிக்கும். இறுகினதாத் தெரியும், வீல் ஆடும். முன்னாடி டிஸ்க் பிரேக் மாத்தினவங்க டிஸ்க்க கவ்விப் பிடிக்கிற காலிப்பர்ல ஸ்டெப்னி உரசுதான்னு வீட்லயே மாட்டி, கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க. (வில்லிஸ் ஜீப், பழைய பிளிமத், டாட்ஜ் வெச்சிருக்கிறவங்களுக்கு: இடது பக்கம் மரை தலைகீழா இருக்கும். வழக்கம் போல திருப்பினா இன்னும் இறுகும், ஸ்டட் ஒடையும்.)

ஜாக்கி வெக்கிறதுக்கு முன்னாடியே போல்ட்ட அரைச் சுத்து தளர்த்துங்க. ஏர் கன்ல இறுக்கின போல்ட் சின்ன ஸ்பேனருக்கு அசையாது, ரெண்டடி பைப் கூட வெச்சுக்கங்க. பின் வீலத் தூக்குறப்ப கியர்ல நிக்குதுன்னு நம்பாதீங்க. தூக்கின வீல் டிஃபரென்ஷியல் வழியா எதிர்ப் பக்கம் சுத்திக்கும், வண்டி உருளும். எதிர் மூலை முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கல்லு வெச்சே ஆகணும். பாடி ஓரத்துல துரு இருந்தா ஜாக்கி உள்ள ஏறிடும், ஆக்சிலுக்குக் கீழ வெக்கிறதுதான் நல்லது. டயர் எறங்கினா பாட்டில் ஜாக்கி உள்ள நுழைய எடம் பத்தாம போகும், அதையும் வீட்லயே காத்தெறக்கிப் பாத்துடுங்க. மண்ணுல நின்னா கீழ ஒரு சதுர அடி பலகை. மாட்டினப்புறம் குறுக்கால குறுக்கால இறுக்குங்க, அம்பது கிலோமீட்டர்ல நிறுத்தி இன்னொரு தடவ இறுக்குங்க.

ஸ்டெப்னில காத்து எப்பவும் 35 பிஎஸ்ஐ அழுத்தத்துல வெச்சிடுங்க. காத்து தானா கொறையும், மாட்டினப்புறம் தேவையான அளவுக்கு எறக்கிக்கலாம். ஏத்துறதுக்குத்தான் கடை தேடணும்.

வண்டி கேஸ்ல ஓடுறதுக்கு டிக்கில சிலிண்டர் வெச்சு எடமே இல்லாதவங்க, ஒரு புது டியூப், மூணு டயர் லீவர், கால் பம்பு எடுத்துக்கங்க. டியூப மடிச்ச மடிப்புலயே வருஷக்கணக்கா விடாதீங்க, அந்த மடிப்புல வெடிக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பிரிச்சு, பவுடர் தூவி, வேற மாதிரி மடிச்சு வெய்ங்க.