மலைக்குத் தேவைப்பட்ட பதினைந்து சென்டிமீட்டர்

(கார்டிஃபில் நடந்த தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

சங்கத் தலைவர் ஐயா அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை இத்தனை ஆண்டுகளாகத் தோளில் சுமக்கும் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மலை மீட்புக் குழு நண்பர்களே, உள்ளே வடை போட்டுக்கொண்டே இந்தப் பேச்சைக் கேட்கும் அக்காமார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பிக்கும் நன்றி. மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காமல் நடுராத்திரியிலும் மலையேறி உயிர்களைக் காப்பவர்கள். அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டு ஆரம்பிப்போம்.

இன்று மூன்று விஷயங்கள் சொல்ல ஆசை. வேல்ஸில் குன்று மலையான கதை ஒன்று, பட்டியலிலிருந்து மலை இறங்கிய கதை ஒன்று, விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி நிலத்தை அளக்கும் லைடார் பற்றி ஒன்று.

வடக்கே எரிரியில், அதாவது ஸ்நோடோனியா மலைப்பகுதியில், நாண்ட்லே மலைத்தொடரின் கடைசியில், மினித் கிரைக் கோக் என்று ஒரு சிகரம் இருக்கிறது. இந்த ஊரில் மலையேறுகிறவர்கள் இரண்டாயிரம் அடியைத் தொட்டால்தான் மலை என்பார்கள். மீட்டரில் அது 609.6. வரைபடத்தில் இந்தச் சிகரத்துக்கு 609 என்று போட்டிருந்தது. அதாவது குன்று. 2008-ல் ஜான் பார்னார்ட், கிரஹாம் ஜாக்சன், மிர்தின் பிலிப்ஸ் என்ற மூன்று பேர், சம்பளத்துக்கு அல்ல, ஆர்வத்துக்காக, துல்லியமான ஜி.பி.எஸ். கருவியைச் சுமந்துகொண்டு மேலே போனார்கள். வந்த விடை 609.75 மீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் மிச்சம்! குன்று மலையாகிவிட்டது.

எப்பேர்ப்பட்ட வரைபடமாக இருந்தாலும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வரைபடத்தைக் குறை சொல்லவில்லை. விமானப் படங்களை வைத்துக் கணக்கிட்ட உயரத்தில் இரண்டு மூன்று மீட்டர் முன்னே பின்னே இருக்கும். சரியான உயரம் வேண்டுமென்றால் ஆள் போயாக வேண்டும். மலையேறியவர்கள் அடுக்கிய கற்குவியலைக் கணக்கில் சேர்க்காமல், இயற்கையான பாறைகளில் எது உயரம் என்று மட்டம் பார்த்து, அதன்மேல் கருவியை நிறுத்தி, காற்றிலும் மழையிலும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2010-ல் இப்படித்தான் எரிரியிலேயே டிரவன் என்ற சிகரம் 915-லிருந்து 917.5 மீட்டருக்கு உயர்ந்தது. 999 மீட்டர் என்றிருந்த கிளிடர் வவ்ர் சிகரம் ஆயிரத்தைத் தாண்டியது. அதுவரை வேல்ஸில் ஆயிரம் மீட்டர் தாண்டிய சிகரங்கள் நான்கு. அன்றிலிருந்து ஐந்து.

அளப்பது என்றதும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் குடும்பத்துக்கு இங்கே க்ரிக்ஹவல் பக்கத்தில், குவெர்ன்வேலில் பண்ணை வீடு இருந்தது. அவருக்கு முன்னால் இந்திய நில அளவையை நடத்தியவர் வில்லியம் லாம்டன். 1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான ஒரு நேர்கோட்டை அளந்து வேலையைத் தொடங்கியவர். கோணம் அளக்க அவரிடம் ஒரு தியோடலைட் இருந்தது. எடை அரை டன்! 1808-ல் அதைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தார். சமவெளியில் தூரம் பார்க்க உயரம் வேண்டுமே, எங்கே போவது? பெரிய கோயில் விமானம்தான். கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி கல்லில் மோதியது. கோணம் பார்க்கும் வட்டம் நெளிந்துபோனது. இன்னொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, நெளிந்த வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார். அப்புறம் அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார். ராஜராஜன் எழுப்பிய விமானத்தில் அடிபட்ட கருவி அது! அந்த அளவைக்கு 1823-ல் தலைமை ஏற்றவர்தான் நம்ம க்ரிக்ஹவல் குடும்பத்து எவரெஸ்ட்.

சரி, இறங்கிய மலைக்கு வருவோம். நமக்குப் பக்கத்தில், பானாய் பிரைக்கைனியோக்கில், அதாவது பிரெக்கன் பீக்கன்ஸ் மலைப்பகுதியில், இருக்கிறது வான் அ பிக். உயரம் 717 மீட்டருக்கு மேல். இரண்டாயிரம் அடி தாண்டிய மலைகளின் பட்டியல் ஒன்று உண்டு, ஹியூவிட் பட்டியல் என்பார்கள். அதில் இருக்க அந்த உயரம் மட்டும் போதாது. உச்சியிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் குறைந்தது முப்பது மீட்டர் சரிவும் வேண்டும். நேரில் அளந்தபோது 28.4 மீட்டர்தான் தேறியது. 2019 தொடக்கத்தில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் படம் எடுத்துக்கொண்டவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். மலை அங்கேயேதான் இருக்கிறது, தாராளமாகப் போகலாம்.

லைடாருக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் முக்கியமாகக் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் பிள்ளைகள் ஸ்நோடன் உச்சிக்கு ரயிலில் போய்வருகிறார்கள். வரைபடத்தைக் கையில் கொடுத்தால் வடக்கு எது என்று தெரியவில்லை. புவியியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளே இப்படி. ஏட்டுச் சுரைக்காயை எத்தனை நாள் பரிமாறுவது? சனிக்கிழமைப் பள்ளியில் மாதம் ஒரு நாளை மலைக்கு ஒதுக்குங்கள் என்று பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன். இன்றும் கேட்கிறேன்.

செலவு பெரிதில்லை. கைபேசி ஜி.பி.எஸ். இந்தத் துல்லியத்துக்குப் போதாது. ஆனால் ஊரில் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூப் போதும்: பத்து மீட்டர் ட்யூப், ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பிள்ளைகள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து பாறை எவ்வளவு கீழே என்று ஸ்கேலில் பார்த்தால், இரண்டு பாறையில் எது உயரம் என்று பத்து வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். ஆர்வலர்கள் கருவியோடு செய்கிற அதே வேலை.

முதல் பயணம் வான் அ பிக்குக்கே போவோம். மீட்புக் குழு நண்பர்கள் வந்து பிள்ளைகளின் உடையையும் காலணியையும் பார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வடை சாப்பிடப் போகும்முன் பிள்ளையின் பெயர், வயது, காலணி அளவு மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள். கூட வரக்கூடிய பெற்றோர் தங்கள் பெயரையும் எழுதுங்கள். நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும். நன்றி, வணக்கம்.