புள்ளைங்கள காட்டி ஓட்டு கேட்ட கதை

நேயர்களுக்கு வணக்கம். அரசியல் மேடையில எந்தப் பேச்சு எடுபடும்னு பேசச் சொன்னாங்க, எனக்கு உடனே ஞாபகம் வந்தது அமெரிக்காவுல 1977, 78ல தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்காக நடந்த சண்டைதான்.

ஃபுளோரிடாவுல மியாமி இருக்கிற டேட் கவுண்டியில (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) 1977 ஜனவரில ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. ஒருத்தர் கே, அதாவது தன்பாலின ஈர்ப்பாளர் அப்படிங்கறதுக்காக வேலையோ வாடகை வீடோ இல்லன்னு சொல்லக்கூடாது, விஷயம் அவ்ளோதான். அதை எதிர்த்து கிளம்புனவங்க அனிதா பிரையன்ட், பாடகி, டிவியில ஃபுளோரிடா ஆரஞ்சு ஜூஸ் விளம்பரத்துல அப்போ வந்துட்டிருந்தவங்க. வேலை, வாடகை பத்தியெல்லாம் அவங்க பெருசா வாதாடவே இல்ல, "நம்ம புள்ளைங்கள காப்பாத்துங்க"ன்னு இயக்கத்துக்கே பேரு வச்சுட்டாங்க. கே ஆளுங்களுக்குப் புள்ள பொறக்காது, அதனால நம்ம புள்ளைங்களத்தான் தங்க கூட்டத்துக்கு ஆள் பிடிப்பாங்கன்னு சொன்னாங்க. இப்படி ஒரு பூச்சாண்டி காட்டுனா எதிர்ல நிக்கிறவன் என்னத்த பேச முடியும், வாயத் தொறந்தாலே புள்ளைங்களுக்கு எதிரின்னு ஆயிடும்ல. ஜூன்ல ஓட்டெடுப்பு, கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் சட்டத்தை எடுத்துடுன்னு சொல்லிட்டாங்க. (கோவத்துல கே பார்கள்ல ஆரஞ்சு ஜூஸையே நிறுத்திட்டு, வோட்காவுல ஆப்பிள் ஜூஸ் கலந்து அந்தம்மா பேருலயே வித்தாங்க, அது தனிக் கதை.)

அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல ஜான் பிரிக்ஸ்னு ஒரு மாநில செனட்டர் அதே சரக்கை எடுத்துட்டு வந்தாரு, பேரு ப்ரோபொசிஷன் 6, அதாவது மக்கள் ஓட்டுக்கு விடுற தீர்மானம். கே, லெஸ்பியன் டீச்சருங்கள அரசுப் பள்ளியில இருந்து தூக்கணும், அவங்களுக்கு ஆதரவா வெளிய பேசுற டீச்சர் யாரா இருந்தாலும் அவங்களையும் தூக்கலாம். ஆரம்பத்துல கருத்துக்கணிப்பு எல்லாம் அவர் பக்கம்தான்.

இங்கதான் ஹார்வி மில்க் வர்றாரு, காஸ்ட்ரோ தெருவுல கேமரா கடை வச்சிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ நகரசபைக்கு ஜெயிச்சவரு. கூட்டத்துல மைக்கைப் பிடிச்சதும் "என் பேரு ஹார்வி மில்க், உங்களை ஆள் பிடிக்க வந்திருக்கேன்"னுதான் ஆரம்பிப்பாரு. எதிராளி சொன்ன பழியையே எடுத்து ஜோக் ஆக்கி விட்டா அப்புறம் அவன் எதைச் சொல்லி பயமுறுத்துவான்? டீச்சரைப் பார்த்து புள்ளைங்க அப்படியே மாறுவாங்கன்னா இந்நேரம் ஊரெல்லாம் கன்னியாஸ்திரிகளா திரிவாங்களேன்னும் கேட்டாரு. ஆனா சிரிப்பை விட பெரிய வேலை ஒண்ணு செஞ்சாரு, எல்லாரும் வீட்ல போய் அம்மா அப்பாகிட்ட, ஆபீஸ்ல கூட வேலை செய்றவங்ககிட்ட நான் இன்னார்னு சொல்லுங்கன்னு கெஞ்சாத குறையா கேட்டாரு. அது எவ்ளோ கஷ்டம்னு சொன்னவங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பக்கம் ரொனால்ட் ரீகன், கலிஃபோர்னியாவோட முன்னாள் கவர்னர், பின்னாடி ஜனாதிபதி ஆன பழமைவாதத் தலைவர். இவருக்கு கே மக்கள் மேல பெரிய பாசம் ஒண்ணும் கிடையாது, ஆனா மார்க் கம்மியா போட்டாங்கன்னு கடுப்புல ஒரு பையன் பழி போட்டா எந்த டீச்சரோட பொழப்பும் போயிடுமேன்னு கேட்டாரு, இது தட்டம்மை மாதிரி ஒட்டிக்கிற நோய் இல்லன்னும் எழுதுனாரு. எனக்கு என்னமோ பழமைவாத ஓட்டை அசைச்சது இந்த வாதம்தான்னு தோணுது. பாசத்துல வந்த ஓட்டா பயத்துல வந்த ஓட்டான்னு பெட்டி பார்க்காதுல்ல.

அப்போ ஜனாதிபதியா இருந்த கார்ட்டர், கலிஃபோர்னியா தலைநகர் சாக்ரமென்டோவுல நடந்த கூட்டத்துல இதைப் பத்தி வாயே தொறக்காம பேச்சை முடிச்சிட்டாரு. கவர்னர் ஜெர்ரி பிரவுன் பக்கத்துல வந்து, முன்னாள் ஜனாதிபதி ஃபோர்டும் ரீகனும் ஏற்கெனவே எதிர்த்தாச்சு, இனி நீங்க சொன்னா ஆபத்து இல்லன்னு காதுல ஓதுறாரு, அது மைக்ல கேட்டுடுச்சு! அப்புறம்தான் கார்ட்டர் திரும்ப வந்து "6க்கு வேணாம்னு போடுங்க"ன்னாரு. கொள்கைன்னு நாம நினைக்கிறது எவ்ளோ தடவ இப்படி கணக்குப் பார்த்து வந்துருக்கும்.

நவம்பர் 7, 58 சதவீதம் பேர் வேணாம்னுட்டாங்க, பிரிக்ஸோட சொந்த ஆரஞ்சு கவுண்டியிலயே தோத்துச்சு. இருபது நாள்ல மில்க்கையும் மேயர் மாஸ்கோனியையும் நகரசபையில இருந்த ஒருத்தரே சுட்டுக் கொன்னுட்டாரு. மியாமியில அந்தப் பழைய சட்டம் திரும்ப வர்றதுக்கு 1998 டிசம்பர் ஆச்சு, அதுவும் கவுண்டி கமிஷன்ல 7க்கு 6, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல.