பி.பி.ஏ-வுல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

[திரையில்: தெருமுனை டீக்கடை. பாய்லர், கண்ணாடி டம்ளர், ஓரமா கல்லாப்பெட்டி.]

இந்த டீக்கடைக்கு மாச வாடகை 12,000 ரூபாய். டீ மாஸ்டர் சம்பளம் 18,000. கரண்ட், தண்ணி, மத்த சில்லறைச் செலவு 6,000. ஒரு டீ 15 ரூபாய்க்கு விக்கிறார். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு டீக்கு 9 ரூபாய் ஆகுது. ஒரு நாளைக்கு எத்தனை டீ வித்தா கடைக்காரர் கைக்காசு போடாம தப்பிப்பார்? மனசுலயே கணக்குப் போட்டுக்கிட்டே வாங்க. நடுவுல இதே கடைக்குத் திரும்ப வருவோம்.

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயந்திரம் எங்க வீட்டுக்கு மூணு போன் வந்தது. மூணுலயும் ஒரே கேள்வி: "பி.பி.ஏ-வா? அதுக்குப் பேசாம பி.காம் போட்டிருக்கலாமே?" எங்கம்மாவுக்குப் பதில் தெரியல. எனக்கும் தெரியல. உண்மையைச் சொன்னா, பி.காம் லிஸ்ட்ல என் பேர் வராததாலதான் நான் பி.பி.ஏ-வுல, அதாவது மூணு வருஷ பிசினஸ் நிர்வாகப் படிப்புல, போய் உக்காந்தேன். அந்தப் போன்களுக்கான பதில்தான் இந்த வீடியோ. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்.

[திரையில்: ஒரு பக்கம் தடிமனான கணக்குப் பேரேடு, இன்னொரு பக்கம் கான்ஃபரன்ஸ் ரூம்.]

ரெண்டும் வேற வேற வீட்டுப் பிள்ளைங்க. பி.காம் பேரேட்டுலேர்ந்து வந்தது. பம்பாய்ல சிடன்ஹாம் காலேஜ் 1913-லயே காமர்ஸுக்குன்னு தொடங்கிட்டாங்க. கணக்கு எழுதவும் வரி பார்க்கவும் கம்பெனிச் சட்டம் தெரிஞ்ச ஆளுங்க வேணும்னு வந்த படிப்பு அது. மேனேஜ்மென்ட் நம்ம நாட்டுல மேலேர்ந்து கீழ இறங்குச்சு. 1961-ல கல்கத்தாவுலயும் அகமதாபாத்லயும் ஐ.ஐ.எம்-ங்கிற மேனேஜ்மென்ட் கல்வி நிறுவனங்கள் வந்தப்போ அது டிகிரி முடிச்சவங்களுக்கான படிப்பு. எம்.பி.ஏ-வுக்கு மவுசு ஏறின பிறகுதான் அதையே கொஞ்சம் இளசா வெட்டி, பிளஸ் டூ முடிச்ச பசங்களுக்குக் கொடுத்தாங்க. அமெரிக்காவுல கதை தலைகீழ்: பென்சில்வேனியா யுனிவர்சிட்டியோட வார்ட்டன் ஸ்கூல் 1881-ல தொடங்குனதே இளநிலைப் பசங்களுக்காகத்தான்.

அதனாலதான் பி.பி.ஏ சிலபஸைப் பார்த்தா குட்டி எம்.பி.ஏ மாதிரி இருக்கும். மார்க்கெட்டிங், ஹெச்.ஆர்., ஃபைனான்ஸ், சட்டம், எகனாமிக்ஸ்னு எல்லாத்துலயும் ஒரு கரண்டி. பி.காம்ல அக்கவுன்ட்ஸ் ஒவ்வொரு செமஸ்டரும் கூடவே வரும், ஆழமா போகும். இதுல எது ஒசத்தின்னு என்கிட்ட கேக்காதீங்க. ஆனா "பி.பி.ஏ-வுல கணக்கு கிடையாது, ஈஸி"ன்னு யாராவது சொன்னா, அவங்க சிலபஸைத் திறந்தே பார்க்கலன்னு அர்த்தம்.

[திரையில்: முதல் செமஸ்டர் நோட்டு. மேலே "14 கோட்பாடுகள்".]

முதல் செமஸ்டர்ல ஆன்ரி ஃபயோல்னு ஒருத்தர் வருவார். பிரான்ஸ்ல சுரங்கக் கம்பெனி நடத்தின இன்ஜினியர். நிர்வாகத்துக்கு 14 கோட்பாடுகள்னு 1916-ல எழுதி வெச்சார். நம்ம பசங்க 14-ஐயும் முதல் எழுத்தைக் கோத்து மனப்பாடம் பண்ணி, பரீட்சை ஹால்ல கொட்டிட்டு வந்துடுவாங்க. அதுல ஒண்ணை மட்டும் பிரிச்சுப் பார்ப்போம்: யூனிட்டி ஆஃப் கமாண்ட். ஒரு ஆளுக்கு ஒரே இடத்துலேர்ந்துதான் உத்தரவு வரணும்.

தீபாவளி நேரத்துல ஒரு ஜவுளிக்கடைக்குப் போங்க. சேல்ஸ்ல நிக்கிற பொண்ணுகிட்ட முதலாளி வந்து, "அந்தப் பட்டுப்புடவைக் கட்டை மேல் மாடிக்கு ஏத்தும்மா"ங்கிறார். ரெண்டு நிமிஷத்துல முதலாளியோட மச்சான் வந்து, "கஸ்டமரை நிக்க வெச்சுட்டு எங்க போற?"ன்னு கத்துறார். சூப்பர்வைசர் வந்து, "பில்லிங்ல ஆள் இல்ல, அங்க போ"ங்கிறார். அந்தப் பொண்ணு யார் சொன்னதைச் செஞ்சாலும் மத்த ரெண்டு பேர்கிட்ட திட்டு வாங்கணும். சுரங்கத்துல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷன் பார்த்த பிரச்சனை இது. வகுப்புல இப்படி ஒரு கடையைக் காட்டிச் சொல்லித் தந்திருந்தா நான் மனப்பாடமே பண்ணியிருக்க மாட்டேன்.

[திரையில்: மறுபடியும் டீக்கடை. கரும்பலகையில் கணக்கு.]

சரி, டீக்கு வருவோம். வித்தாலும் விக்காட்டியும் கொடுத்தே ஆக வேண்டிய செலவு: 12,000, 18,000, 6,000. மொத்தம் 36,000. இது ஃபிக்ஸட் காஸ்ட். ஒரு டீ வித்தா 15 வருது, 9 போகுது, கையில 6 நிக்குது. இந்த ஆறு ரூபாய்க்குப் பேர் கான்ட்ரிபியூஷன். 36,000-ஐ 6-ஆல வகுத்தா மாசம் 6,000 டீ. நாளைக்கு 200. இதுதான் பிரேக் ஈவன். 200-வது டீ வரைக்கும் வாடகைக்கும் மாஸ்டருக்கும் உழைக்கிறார். 201-வது டீயிலதான் அவருக்குன்னு ஆறு ரூபாய்.

இப்போ எதிர்த்தாப்ல ஒருத்தர் கடை போட்டு 12 ரூபாய்க்கு டீ விக்கிறார். நம்மாளும் ரோஷத்துல 12-ன்னு போர்டு மாட்டுறார். மூணு ரூபாய்தானே குறைச்சார்? கையில நிக்கறது 6-லேர்ந்து 3 ஆயிடுச்சு. 36,000-ஐ 3-ஆல வகுங்க. மாசம் 12,000 டீ, நாளைக்கு 400. விலையைக் குறைச்சது அஞ்சுல ஒரு பங்கு. விக்க வேண்டியதோ டபுள். போட்டிக்கு விலை குறைச்சு மூடின கடைகள்ல பாதிக்கு இந்த ஒரு வகுத்தல்தான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

இது மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங் பேப்பர். பக்கத்து அறையில எகனாமிக்ஸ் சார் இன்னொண்ணு கேப்பார்: கடைக்காரர் காலைல 4 மணிக்கு வந்து ராத்திரி வரைக்கும் கல்லாவுல உக்காந்திருக்காரே, அவர் சம்பளம் எங்கே? அவரே வேற கடைக்கு வேலைக்குப் போனா 15,000 கிடைக்கும்னு வைங்க. அதையும் சேர்த்தா 51,000. பழைய 15 ரூபாய் விலையிலயே மாசம் 8,500 டீ விக்கணும், நாளைக்கு 284 பக்கம். விட்டுக்கொடுத்த அந்த 15,000-க்குப் பேர் ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட். ரெண்டு பேப்பர், ரெண்டு சார், ஒரே டீக்கடை. ஆனா நம்ம பசங்க ரெண்டையும் தனித்தனி நோட்டுல எழுதி, தனித்தனியா மறந்துடுவாங்க.

பசங்க நிஜமாவே மிரளுற இடம் ஸ்டாடிஸ்டிக்ஸும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும்தான். மூணு குடோன், நாலு ஊர்ல கடை, எந்தக் குடோன்லேர்ந்து எந்தக் கடைக்கு அனுப்பினா லாரி வாடகை குறையும்? இதை நார்த் வெஸ்ட் கார்னர்னு ஒரு முறையில தொடங்குவாங்க. பேரைக் கேட்டா வாஸ்துல வாயு மூலை மாதிரி இருக்கும். உள்ள இருக்கறது வெறும் கூட்டல் கழித்தல்தான், பயப்பட ஒண்ணுமில்ல. பிளஸ் டூ-ல சயின்ஸ் குரூப் எடுத்தவங்க இதைத் தட்டித் தூக்கிடுவாங்க. ஜர்னல் என்ட்ரின்னு கணக்குல பதிவு எழுதறப்போ டெபிட் எது கிரெடிட் எதுன்னு திணறுவாங்க. காமர்ஸ் குரூப் பசங்களுக்கு அப்படியே உல்டா. ரெண்டு குரூப்பும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்தா மூணு வருஷம் ஓடிடும்.

[திரையில்: கல்லூரி நோட்டீஸ் போர்டு, விண்ணப்பப் பக்கம்.]

சேர்றதைப் பத்தி வேகமா சொல்லிடறேன். அரசு கலை அறிவியல் கல்லூரின்னா டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ இணையதளத்துல விண்ணப்பம். ஒரே விண்ணப்பத்துல பல கல்லூரிகளைப் போடலாம். அரசுப் பள்ளியில ஆறுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் படிச்சிருந்தா பெண்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபாய். எய்டட், அதாவது அரசு நிதியுதவி வாங்கற கல்லூரின்னா ஒரு விஷயம் கவனிங்க. ஒரே கட்டடத்துல காலைல எய்டட், மதியம் செல்ஃப் ஃபைனான்ஸ்னு ரெண்டு ஷிஃப்ட் ஓடும். பி.பி.ஏ பல இடத்துல செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம்தான் இருக்கும். கல்லூரி பேர் ஒண்ணுதான், ஃபீஸ் ஒண்ணு இல்ல.

இன்னொரு மாற்றம். 2024-25 கல்வியாண்டுலேர்ந்து பி.பி.ஏ, பி.எம்.எஸ் (இதுவும் மேனேஜ்மென்ட் டிகிரிதான்), பி.சி.ஏ (கம்ப்யூட்டர் டிகிரி) மூணும் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள்ள வந்தாச்சு. பி.காம் வரல. மும்பையில சில கல்லூரிகள் அந்த வரம்புக்கு வெளியிலயே நிக்க பி.எம்.எஸ்-ங்கிற பேரையே மாத்தி, பி.காம்-னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள மேனேஜ்மென்ட் ஸ்டடீஸ்னு எழுதிக்கிட்டாங்க. போர்டுல இருக்கற பேர் எவ்வளவு தூரம் நம்பத் தகுந்ததுன்னு இதுலேர்ந்தே தெரியும். ஏவியேஷன், ஈவென்ட், டிஜிட்டல்னு அடைப்புக்குறிக்குள்ள ஏதாவது ஒட்டி ஃபீஸை ஏத்தியிருந்தா, அந்தப் பேர்ல மொத்தம் எத்தனை பேப்பர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ரெண்டோ மூணோதான்னா அது ஸ்டிக்கர். லாஜிஸ்டிக்ஸ்ல மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. சென்னை, எண்ணூர், தூத்துக்குடின்னு துறைமுகம் இருக்கு, வேலையோட சேர்த்தே படிக்கிற வகையும் இருக்கு.

முடிச்ச பிறகு? டிகிரி போதும்னு சொல்ற டி.என்.பி.எஸ்.சி குரூப் தேர்வுகளுக்கு பி.பி.ஏ-வும் டிகிரிதான். பிளஸ் டூ காமர்ஸ் டீச்சர் ஆகணும்னு ஆசை இருந்தா சுத்தாம பி.காம், எம்.காம், பி.எட்னு நேர் ரோட்டுல போயிடுங்க. சி.ஏ-வுக்கு முதல் நிலைத் தேர்வு எழுதாம, டிகிரி வழியா நேரடியா ரெண்டாம் நிலையான இன்டர் போகலாம். காமர்ஸ் பட்டதாரின்னா 55 சதவீதம், மத்தவங்களுக்கு 60. எம்.பி.ஏ-வுக்கு டான்செட், கேட் (CAT)னு நுழைவுத் தேர்வுகள் இருக்கு. ஆனா பி.பி.ஏ முடிச்ச கையோட எம்.பி.ஏ சேர்ந்தா முதல் வருஷம் பாதி பார்த்த படத்தையே திரும்பப் பார்க்கற மாதிரிதான். நடுவுல ஒண்ணு ரெண்டு வருஷம் எங்கயாவது வேலை பார்த்துட்டுப் போனா அதே பாடம் வேற மாதிரி கேக்கும். பிளஸ் டூ முடிச்சதுமே ஐ.ஐ.எம்-தான் வேணும்னா அஞ்சு வருஷ ஐ.பி.எம் இருக்கு. இந்தூர்ல 2011-லேர்ந்து நடத்துறாங்க. அதுக்கு நுழைவுத் தேர்வு தனி, ஃபீஸ் லட்சக்கணக்கு.

[திரையில்: கெட்டி அட்டை, தங்க எழுத்து பைண்டிங் போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்.]

கடைசியா ப்ராஜெக்ட். பி.பி.ஏ படிச்ச யாரைக் கேட்டாலும் தலைப்பு இப்படித்தான் இருக்கும்: "ஏ ஸ்டடி ஆன் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன் டுவர்ட்ஸ்" ஏதோ ஒண்ணு, "வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு கோயம்புத்தூர் சிட்டி". நூறு பேர்கிட்ட கேள்வித்தாள் கொடுத்து வாங்கணும். என்னோட நூறும் ஹாஸ்டல் ரூம்ல ஒரே ராத்திரியில ரொம்பிச்சு. நாலு பேர், நீலப் பேனா, கறுப்புப் பேனா, ஜெல் பேனா. கையெழுத்து மாறணும்ல?

எங்க வகுப்புல ஒரு பொண்ணு மட்டும் நிஜமா தெருவுல இறங்கினா. இருபது தள்ளுவண்டி டிஃபன் கடைக்காரங்க, தண்டல்ல எவ்வளவு கடன் வாங்கறாங்கன்னு கேட்டு எழுதிட்டு வந்தா. பத்தாயிரம் கடன்னு பேர், பிடிச்சது போக கையில வர்றது எட்டாயிரத்து சொச்சம், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டணும். இருபது வண்டிக்கும் தினசரி வரவு, செலவு, தண்டல் எல்லாம் பென்சில்ல ஒரு அட்டவணை. ரிப்போர்ட் நாப்பதே பக்கம். வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, வெளிக் கல்லூரியிலேர்ந்து வந்த எக்ஸ்டர்னல் அவளை இருபது நிமிஷம் விடல. கேள்வி கேட்டார்னு சொல்ல முடியாது, அவளோட உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தார்.

அடுத்து நான். தங்க எழுத்து அட்டையைப் புரட்டினார். பின்னாடி சேர்த்திருந்த ஃபார்ம்கள்ல ஒண்ணுல நின்னார். "தம்பி, 61-வது ஃபார்ம். வயசு 50-க்கு மேல, தொழில் மாணவர்னு இருக்கே. இவரை எங்க பார்த்தீங்க?"

"ஈவினிங் காலேஜ் சார்"னேன்.

அவர் சிரிக்கல. ரிப்போர்ட்டை மூடி வெச்சுட்டு ஜன்னல் வழியா வெளிய கை காட்டினார். கேட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடை. "அந்தக் கடைக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை டீ வித்தா கைக்காசு போடாம தப்பிப்பார்? அவர்கிட்ட என்னென்ன கேட்டா உன்னால சொல்ல முடியும்?"