ஓக்கர்ஸ் என்றொரு குடும்பப் பெயர்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

திருகோணமலையில் நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், நம் பெயர் பின்னால் வரும். அடுத்த தலைமுறையில் அப்பப்பாவின் பெயர் உதிர்ந்துவிடும். ஆனால் நம்மோடு தமிழ் பேசி வாழ்கிற பறங்கியர், அதாவது ஐரோப்பியர் வழிவந்த கலப்புச் சந்ததியினர், குடும்பங்களில் ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பாலையூற்றுப் பக்கம் போனால் அவர்களைச் சந்திக்கலாம். மட்டக்களப்பில் இன்னும் அதிகம். கிழக்கிலுள்ள அந்தப் பெயர்களில் ஒன்றுதான் ஓக்கர்ஸ்.

இது ஒல்லாந்தப் பெயர், அதாவது டச்சுக்காரர் பெயர். ஓக்கர் என்பது அவர்களிடையே ஆண்களுக்கு வைக்கும் பெயர். ஈற்றில் வரும் ‘ஸ்’, மகன் என்பதன் சுருக்கம். ஆக, ஓக்கரின் மகன். ஜான்ஸ் என்ற பெயரும் அப்படித்தான், ஜானின் மகன். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத் தகப்பன் பெயரைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் அது நிலைத்துப்போய்க் குடும்பத்துக்கே பெயராகிவிட்டது.

இந்தத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேரல்ல. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். 1639-இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1672-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து கொஞ்சக்காலம் நின்றன. 1782-இல் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயர் கைக்கும், அப்புறம் பிரெஞ்சுக்காரர் கைக்கும் கோட்டை மாறியது. 1795-இல் ஆங்கிலேயர் மறுபடி வந்து தங்கிவிட்டார்கள். ஒவ்வொரு கொடியின் கீழும் சிப்பாய்களும் கைவினைஞர்களும் வந்தார்கள். சிலர் இங்கேயே மணம் முடித்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பெயர் இருந்தால் ஐரோப்பிய வம்சம் என்று முடிவுகட்டக் கூடாது. பெரேரா, பெர்னாண்டோ, சில்வா போன்ற பெயர்கள் இலங்கை முழுக்கப் பரவியிருப்பதற்குப் பெரிய காரணம் ஞானஸ்நானம். மதம் மாறியபோது நம் கரையோர மக்கள் அந்தப் பெயர்களை ஏற்றுக்கொண்டார்கள். அரிய பெயர்களின் கதை பெரும்பாலும் வேறு. ஒன்றிரண்டு ஆட்களோடு கப்பலிறங்கி, அவர்களின் பிள்ளைகளோடு மட்டும் வளர்ந்தவை அவை. அதனாலேயே ஓர் அரிய பெயரின் தடத்தைப் பின்பற்றிப் போனால் ஒரு குடும்பத்தை நெருங்கிவிடலாம். பெரேராவை வைத்து அப்படிப் போக முடியாது.

அரிய பெயர் அழிவதும் சுலபம். மகன்கள் வழியாக மட்டும் பெயர் தொடரும்போது, மகள்களே பிறந்த வீட்டில் அது நின்றுவிடும். கால்ட்டன், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேயர் 1874-இல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் எத்தனை குறைவான ஆண்களோ, பெயர் மறையும் வாய்ப்பு அத்தனை அதிகம். இலங்கையில் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுக்கவே பறங்கியர் 38 ஆயிரம் பேரளவில்தான். அதில் கிழக்கின் பங்கு சின்னது. அதற்குள் ஒரு குறிப்பிட்ட பெயர் எத்தனை வீட்டில் மிஞ்சும், நீங்களே நினைத்துப் பாருங்கள். எனக்கு இது மனதை வருத்துகிற விஷயம். ஒரு பெயர் போனால், இந்த ஊருக்கு யார் எந்தக் கப்பலில் வந்தார் என்று கேட்பதற்கான ஒரு வாசலும் மூடிவிடும்.

சரி, தேடுவது எப்படி? ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் தோம்பு எழுதினார்கள். காணியும் குடும்பமும் அதில் பதிவாயின. அவர்களின் ஆவணங்கள் கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. ஆனால் முதலில் உங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே ஞானப் பெற்றோரின், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காக முன்னின்றவர்களின், பெயரும் இருக்கும். பல நேரம் அவர்கள் தாய்வழி உறவுக்காரர்களாக இருப்பார்கள். எழுத்தில் ஏமாறாதீர்கள். ஓக்கர்ஸ் என்பதை ஒருவர் ஒக்கர்ஸ் என்றும் இன்னொருவர் ஓக்கஸ் என்றும் எழுதியிருக்கலாம். எல்லா வடிவத்தையும் தேடுங்கள். திருமணமாகிப் பெயர் மாறிய பெண்களையும் விட்டுவிடாதீர்கள். அம்மம்மாவின் கன்னிப் பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, பிறந்த ஊரையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.